நான் படிக்காத முதல் வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மோளே, இவளுக்கு டிப்ளமோ ரிசல்ட் வந்தாச்சு. நேரா ரெண்டாம் வருசம் இன்ஜினியரிங் சேரலாம்னு சொல்லுதாங்க, உள்ளதா?" என்று கேட்டார்.

உள்ளதுதான் அக்கா, நானும் அப்படிச் சேர்ந்தவள்தானே என்றேன். எங்கே விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்றெல்லாம் கேட்டார். அதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் அவர் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போவார், அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்த்தார். 2015-ல் நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது, பிளஸ் டூ படித்துவிட்டு நான்கு வருடம் இன்ஜினியரிங் என்றால் ஆறு வருடம் தாங்குமா என்ற பேச்சு வீட்டில் வந்தது. டிப்ளமோ மூன்று வருடம், முடித்ததும் வேலைக்குப் போகலாம் என்று பள்ளி ஆசிரியை சொன்னார். நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தேன். அதே கோணத்தில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் இருக்கிறது. ஒரே பேருந்தில் வந்து இறங்குவோம். அவர்கள் அந்தப் பக்கம் போவார்கள், நாங்கள் இந்தப் பக்கம். டிப்ளமோவுக்கு மூன்று, அதற்கப்புறம் பி.இ.க்கு மூன்று, கூட்டினால் இதுவும் அதே ஆறு வருடம்தான் என்று எனக்கு உறைத்தது மூன்றாம் வருடத்தில். நடுவில் ஒரு டிப்ளமோ கையில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து விடாமல் படித்தேன்.

2018-ல் லேட்டரல் என்ட்ரி, அதாவது நேரடி இரண்டாம் வருடச் சேர்க்கைக் கலந்தாய்வு, காரைக்குடியில், அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நேரில் நடந்தது. இப்போது எல்லாம் ஆன்லைன்தான். மழைக்காலம் என்பதால் அப்பாவுக்கு வெட்டு இல்லை, கையில் காசும் இல்லை. கல்குளம் தாலுகாவில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. கிடைத்தது. வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. முதல் நாள் மின்காந்தவியல் வகுப்பு. கரும்பலகையில் தலைகீழாக ஒரு முக்கோணம், பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த முக்கோணமே என்னவென்று தெரியவில்லை. வெக்டாரில் டாட், கிராஸ் வரை டிப்ளமோவில் படித்திருந்தேன். கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் எல்லாம் அப்போது முதல் வருட எம்2-வில், அதாவது இரண்டாவது கணிதத் தாளில், வந்தவை. அந்த முதல் வருடம் எனக்குக் கிடையாது.

இதைத்தான் அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். டிப்ளமோ முடித்தவர்களுக்கு முதல் வருடத் தாள்கள் இல்லை. அது சலுகை போலத் தெரியும். ஆனால் அந்த வருடத்தின் கணக்கு மூன்றாம் செமஸ்டரில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் எம்1-ல் பார்ஷியல் டெரிவேட்டிவும் மல்டிபிள் இன்டெக்ரலும், எம்2-வில் வெக்டார் கால்குலஸும் லாப்லாஸும் இருந்தன. மூன்றாம் செமஸ்டர் எம்3 முழுக்க ஃபூரியர் தொடர், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், இசட் டிரான்ஸ்ஃபார்ம். நான்காம் செமஸ்டரில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வரும்போது லாப்லாஸ் இல்லாமல் ஒரு கணக்கைத் தொட முடியாது.

கரும்பலகையில் பார்த்த அந்த முக்கோணமும் பெருக்கல் குறியும் சேர்ந்ததுதான் கர்ல். அது என்னவென்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது விடுதியில் என்னோடு இருந்த தூத்துக்குடிப் பெண். "உங்க ஊர்ல கால்வாய் உண்டுல்லா? கரையோரமா ஒரு இலையைப் போட்டா நேராப் போகுமா, சுத்திக்கிட்டே போகுமா?" என்றாள். எங்கள் சானலில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நடுவில் தண்ணீர் வேகமாகப் போகும், கரையோரம் மெதுவாகப் போகும், அதனால் இலை சுழலும். தண்ணீர் நேராகத்தான் ஓடுகிறது, ஆனாலும் இலை சுற்றுகிறது. அந்தச் சுழற்சிதான் கர்ல். அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் எம்3-ல் அரியர் விழுந்தது. பள்ளியிலிருந்து அதுவரை நான் எதிலும் தோற்றதில்லை. வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஆனது. அடுத்த முறை எழுதி நல்ல மதிப்பெண்ணில் தேறினேன். லேட்டரலில் வந்தவர்களுக்கு ஆறு செமஸ்டரை மட்டும் வைத்துத்தான் சிஜிபிஏ போடுவார்கள், எனக்கு அது நன்றாகவே வந்தது. டிஸ்டிங்ஷன் மட்டும் கிடைக்கவில்லை, எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு தாள் இன்றும் மனதில் உறுத்துகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மெஷின்ஸ் லேபில் டிசி ஷன்ட் மோட்டாரை ஓட்டச் சொன்னபோது, ரெகுலராக வந்தவர்கள் பலரும் மோட்டாரைப் பத்திரமாகத் தொடங்கி வைக்கும் த்ரீ பாயின்ட் ஸ்டார்ட்டரைத் தொடவே தயங்கினார்கள். எனக்கு அது கோணத்தில் கை பழகிய சாமான். ஃபீல்ட் ரியோஸ்டாட்டைக் குறைந்த மின்தடை நிலையில் வைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், ஓடும்போது ஃபீல்ட் வயர் கழன்று, ஸ்டார்ட்டரும் மின்சாரத்தைத் துண்டிக்காமல் விட்டால் மோட்டார் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடிவிடும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் அவர்கள் எனக்குக் கணக்கு சொல்லித் தந்தார்கள். டிப்ளமோ வழியாக வருகிறவர்களைக் குறைவாக நினைக்க எந்தக் காரணமும் கிடையாது. இன்று முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன், தினமும் எனக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் டிப்ளமோ பரீட்சை முடிந்த பிறகு எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா கிடைத்தது. சீட் கிடைக்குமா கிடைக்காதா என்று கவலைப்பட்டே அதைக் கழித்துவிட்டேன். அந்த நாட்களில் யாராவது ஒரு எம்2 புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கலாம். தினம் இரண்டு மணி நேரம் போதும். முதலில் பார்ஷியல் டெரிவேட்டிவ், அப்புறம் வெக்டார் கால்குலஸ், அப்புறம் லாப்லாஸ். இன்டெக்ரேஷனில் பெர்னௌலி ஃபார்முலா கையில் ஓடும்வரை போட்டுப் பழக வேண்டும், ஃபூரியர் தொடர் முழுக்க அதுதான்.

அலமாரியிலிருந்து என் பழைய நோட்டை எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். அரியருக்காக நானே உட்கார்ந்து எழுதிப் படித்த நோட்டு அது. வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தவள், "அக்கா, இந்தத் தலைகீழ் முக்கோணம் என்ன?" என்றாள்.

அணை திறந்து சானலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செருப்பைப் போடு, கரைக்குப் போய்விட்டு வருவோம் என்றேன்.