டப்பா காலி செய்யும் வாரம்

ஜூன் 23

சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம். அலமாரியைத் துடைக்க இறக்கியதில் கிடைத்தவை: ரவை ஒரு டம்ளர், கோதுமை மாவு அரை டம்ளர், பாட்டில் அடியில் ஒட்டிய டூட்டி ஃப்ரூட்டி, தோல் கறுத்த வாழைப்பழம் மூன்று, புளித்த தயிர். இதை வைத்தே ஒரு கேக் செய்துவிடலாம். ரவையைச் சலித்துப் பார்த்தாயிற்று, வண்டு இல்லை.

பேக்கிங் பவுடரை எப்போது திறந்தேன் என்று நினைவில்லை. அரை ஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டேன். நுரைக்கவே இல்லை, சுண்ணாம்பு போல அடியில் படிந்தது. குப்பைக்குப் போனது. ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாறு விட்டதும் சீறியது. சரி, இது போதும்.

ஜூன் 24

ரவையில் பாதியைத் தயிரிலும் சர்க்கரையிலும் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். கால் ஸ்பூன் சோடா கலந்ததும் மாவு புசுபுசுவென்று எழும்பியது. அந்த நேரம் பார்த்து அக்கா போன். அரை மணி நேரம் கழித்து வந்தால் நுரையெல்லாம் அடங்கிப்போயிருந்தது. தயிரின் புளிப்பு பட்டவுடனே சோடா தன் வேலையை முடித்துவிடும், நமக்காகக் காத்திருக்காது. தெரிந்தும் விட்டேன். வெந்து வந்தது அரை அங்குல உயரம்.

“நீ போன்ல பேசினதை கேக்கும் உட்கார்ந்து கேட்டிருக்கும்மா” என்றார் அத்தை.

ஜூன் 26

இன்று முதலில் குக்கர், அப்புறம்தான் சோடா. கேஸ்கெட், வெயிட் இரண்டையும் கழற்றி, அடியில் இரண்டு டம்ளர் கல் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்துப் பத்து நிமிடம் காயவிட்டேன். மசித்த பழம், மீதி ரவை, கோதுமை மாவு, தயிர், நாட்டுச் சர்க்கரை, எண்ணெய். டூட்டி ஃப்ரூட்டியை உலர்ந்த மாவில் புரட்டிப் போட்டேன், அடியில் இறங்காமல் இருக்க. அதுவும் சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்தானே!

சிம்மில் நாற்பது நிமிடம். ஈர்க்குச்சி சுத்தமாக வந்தது. ஆனால் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு ஐம்பது நிமிடம் சிலிண்டரை எரித்திருக்கிறேன். அடுத்த முறை ஒரே சூட்டில் இரண்டு ஈடு போட வேண்டும். உப்பு ஆறியதும் ‘கேக் உப்பு’ என்று எழுதி டப்பாவில் போட்டாயிற்று. சாம்பாருக்கு ஆகாது.

ஜூன் 27

ஃப்ரிட்ஜில் கிடந்த 24ஆம் தேதித் தட்டைக் கேக்கை விரல் தடிமனில் நறுக்கி, தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் காயவிட்டேன். மொறுமொறுவென்று ரஸ்க். சின்னவன் டீயில் முக்கி நாலு துண்டு தின்றுவிட்டு, “நாளைக்கும் பெரியம்மா போன் பண்ணுவாங்களா?” என்கிறான்.