குறுவைப் பணமும் தேர்வுக் கட்டணமும்

நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டால் காவிரிப் பாலம், பழைய வகுப்பறை, கேண்டீன் டீ என்று எழுத ஆள் நிறைய உண்டு. அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் கூடிப் பழைய கதை பேசும்போது ஒரு பேச்சு தவறாமல் வரும்: நம்மோடு சேர்ந்தவர்களில் பட்டம் வாங்காமலே போனவர்கள் யார் யார், ஏன் என்று. படிப்பு ஏறாதவர்கள் அந்தப் பட்டியலில் குறைவு. ஒரு தேதி, ஒரு சான்று, சில நூறு ரூபாய் என்று தடுக்கியவர்களே அதிகம். கும்பகோணமோ மன்னார்குடியோ திருவாரூரோ, டெல்டாவில் இந்த ஆண்டு முதலாண்டு சேரும் தம்பி தங்கைகளுக்காக, எங்கெங்கே தடுக்கும் என்று எழுதி வைக்கிறேன்.

நம் கும்பகோணம் கல்லூரி 1854-இல் தொடங்கியது. அதன் பெயரை உலகுக்குச் சொன்ன மாணவர் அங்கே தேறவில்லை என்பது புதியவர்கள் பலருக்குத் தெரியாது. 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்து ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. முதன்மைப் பாடத்தில் கெட்டி என்பதற்காக மற்றத் தாள்களுக்கு விலக்கு கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இன்றைய கணக்கு இப்படி. பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைத் தாள் ஒன்றுக்கு இன்டர்னல் (கல்லூரிக்குள் போடும் அக மதிப்பெண்) 25, செமஸ்டர் தேர்வு 75. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 எடுத்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் தனித்தனியே 40 விழுக்காடு கேட்கும் கல்லூரிகள் பல. அதாவது 25-க்கு 10, 75-க்கு 30. இன்டர்னலில் முழுதாக 25 வாங்கியவர் தேர்வில் 29 எடுத்தால் மொத்தம் 54, ஆனாலும் அரியர்தான், அதாவது அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டும். மறுபக்கம், இன்டர்னலில் 10 வராவிட்டால் அதைத் திரும்ப எழுத எல்லா இடத்திலும் வாய்ப்பு தருவதில்லை. மதிப்பெண் பட்டியல் துறையிலிருந்து தேர்வுப் பிரிவுக்குப் போவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுங்கள். கூட்டலில் பிழை இருந்தால் அப்போது திருத்துவது எளிது. போன பிறகு ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க வேண்டும். உங்கள் கல்லூரி விதி என்ன என்பதைச் சேர்ந்த முதல் வாரமே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னது அவருடைய பேட்ச் விதியாக இருக்கும்.

வினாத்தாளில் பரவலாக இருக்கும் அமைப்பு: பகுதி அ-வில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, எல்லாவற்றுக்கும் விடை, பகுதி ஆ-வில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஐந்து, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு, பகுதி இ-யில் பத்து மதிப்பெண் கேள்வி ஐந்தில் மூன்று. பாடம் ஐந்து யூனிட். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் அ-வில் இரண்டு, ஆ-வில் ஒன்று, இ-யில் ஒன்று வரும். ஒரு யூனிட்டை முற்றாக விட்டால் போவது 4-ம் 5-ம், ஆக 9 மதிப்பெண்தான். இ-யில் எதுவும் போகாது. இரண்டு யூனிட்டை விட்டாலும் 57-க்கு எழுதலாம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவுடன் எல்லாரும் மூன்று யூனிட்டை மட்டும் படிக்கத் தொடங்குவார்கள். சரிவதும் அங்கேதான். அந்த மூன்றில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி புரியாமல் வந்தால் மாற்றுக்கு ஆள் இல்லை. ஐந்து யூனிட்டிலும் சிறு கேள்விகளையும் ஐந்து மதிப்பெண் பகுதியையும் முடித்துக்கொண்டு, பெரிய கேள்விகளுக்கு நான்கு யூனிட்டை எடுத்துக்கொள்வதே பத்திரம். எழுதும்போது அ-வுக்கு அரை மணி, ஆ-வுக்கு ஐம்பது நிமிடம், இ-யில் கேள்விக்கு இருபத்தைந்து. மூன்று மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் மிச்சமிருக்கும். தெரிந்த பத்து மதிப்பெண் கேள்வியை முதலில் பிடித்து ஆறு பக்கம் எழுதுகிறவர்தான் கடைசியில் 'பேப்பர் பெரிசு' என்று புலம்புவார்.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிறவர்களுக்கு முதல் அரியர் பெரும்பாலும் பாடத்திட்டத்தில் 'பகுதி இரண்டு' என்று வரும் ஆங்கிலம். அடுத்தது, ஆங்கிலத்தில் எழுத வேண்டிய துணைப்பாடம். ஒவ்வொரு யூனிட்டிலும் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்களை, சுமார் இருபது, ஒரு நோட்டில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக்கொள்ளுங்கள். பொருள் புரிந்த பாடத்தை ஆங்கிலத்தில் ஐந்து வரியாகத் தினமும் எழுதிப் பாருங்கள். கைடை மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு வரி மறந்ததும் மொத்த விடையும் நின்றுவிடும்.

வருகைப்பதிவு. 75 விழுக்காடு வேண்டும். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 22 நாள் கையில் இருக்கிறது. ஊர்த் திருவிழா, கல்யாணம், கருமாதி, நடவு, அறுப்பு எல்லாம் இந்த 22-க்குள். காய்ச்சலுக்கும் மழைக்கும் என்று பத்து நாளைத் தொடாமல் வையுங்கள். பேருந்தில் வருகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. பல துறைகளில் முதல் மணி தவறினால் அரை நாள் விடுப்பு. வாரம் இரண்டு நாள் பேருந்து தாமதம் என்றால் மாதம் நான்கு நாள் போய்விடும். முந்தைய பேருந்தைப் பிடிக்க வழியில்லை என்றால் அதைத் துறைத்தலைவரிடம் ஜூலையிலேயே சொல்லுங்கள். அக்டோபரில் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என்று போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தையும், காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றையும் திரும்பி வந்த அன்றே கொடுத்து, நகல் ஒன்றில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இனிப் பணம். வெளிநாட்டிலிருந்து உதவுகிற நாமும் கவனிக்க வேண்டியது இதைத்தான். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. விதை, உழவு, ஆள்கூலி என்று வீட்டில் இருக்கிற காசெல்லாம் வயலுக்குப் போகும் நேரத்தில்தான் கல்லூரிச் சேர்க்கையும் வருகிறது. நவம்பர் செமஸ்டர் தேர்வுக்கான கட்டணம் கட்டும் நாள் தீபாவளியை ஒட்டி வரும். குறுவை அறுத்து நெல் கொள்முதல் நிலையத்தில் கிடக்கும்; மழை பிடித்துக்கொண்டால் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று எடுக்கமாட்டார்கள். நெல் களத்தில் காய்கிற வரை அப்பாவின் வங்கிக் கணக்கில் ஒன்றும் ஏறாது. தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது. முதலில் அபராதம், அதுவும் தாண்டினால் ஹால் டிக்கெட் இல்லை. தை, மாசியில் சம்பா பணம் வருவதால் ஏப்ரல் தேர்வுக்கு இந்த நெருக்கடி குறைவு.

ஆகவே சங்கத்தின் உதவித்தொகையை ஜனவரி விழா மேடையில் பொன்னாடையோடு கொடுப்பது நமக்குப் படம் எடுக்க வசதி, பிள்ளைகளுக்கு அல்ல. ஜூன் முதல் வாரம் ஒரு பங்கு, அக்டோபர் முதல் வாரம் ஒரு பங்கு என்று பிரித்து அனுப்பினால் அதே தொகை இரண்டு மடங்கு வேலை செய்யும். மாணவர்களும் சும்மா இருக்கக்கூடாது. மாதம் இருநூறு ரூபாயை அஞ்சலகக் கணக்கில் போட்டு வந்தால் தேர்வுக் கட்டணம் யாரிடமும் கேட்காமல் நடக்கும்.

அரசு உதவிகளைப் பொறுத்தவரை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். பணம் வரவில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்குச் சிக்கல் வங்கியில்தான். இந்தத் தொகை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. பள்ளியில் தொடங்கி இரண்டு ஆண்டு தொடாத கணக்காக இருந்தால் அது முடங்கியும் இருக்கும். வங்கிக்குப் போய் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து, அதை உயிர்ப்பித்து வையுங்கள். சாதிச் சான்று ஒருமுறை எடுத்தால் போதும். வருமானச் சான்றை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். இ-சேவையில் விண்ணப்பித்துக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று தாண்டி வர வேண்டுமாதலால், மே மாதமே போட்டுவிடுவது நல்லது.

நவம்பர் என்றால் டெல்டாவில் மழையும் தேர்வும் ஒன்றாக வரும். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் சான்றிதழ்கள் நனைந்து கூழாயின. அசல் சான்றுகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, தரையிலோ பரணிலோ வைக்காமல் நடு உயரத்தில் வையுங்கள். ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் ஒன்று, டிஜிலாக்கரில் ஒன்று. ஆற்றங்கரைச் சாலையில் வருகிறவர்கள் தேர்வுக்கு முந்தின இரவு டவுனில் நண்பர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் தேர்வும் தள்ளிப்போயிற்று என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் அறிவிப்பு அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து வரும், மற்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து.

அரியர் விழுந்தால் அடுத்த தேர்விலேயே எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பாடத்திட்டம் மாறிவிடும். பிறகு உங்கள் தாளுக்கு ஈடான தாள் எது என்று தேட வேண்டும், சொல்லித்தர ஆளும் இருக்காது.

விடுதியில் முதல் ஆறு வாரம் கடினம். சாப்பாடு இறங்காது, வெள்ளிக்கிழமை வந்தால் ஊருக்கு ஓடத் தோன்றும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பழகிவிடும். பழகாமல் தூக்கமும் பசியும் போனால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம். மனநல உதவிக்கான 14416 எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ராகிங் என்றால் 1800-180-5522. தமிழ்நாட்டில் 1997-லிருந்து அது சட்டப்படி குற்றம்.

கடைசியாக, வெளிநாடு வந்த பிறகு நாம் எல்லாரும் பட்ட பாடு: பெயர். பள்ளிச் சான்றில் 'கு. செந்தில்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இருக்கும், பட்டச் சான்றில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்; விசா அதிகாரி கேட்பார். பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, கல்லூரிப் பதிவேடு நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலாண்டிலேயே ஒப்பிடுங்கள். அப்போது கல்லூரி அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் தீரும். பட்டம் அச்சான பிறகு பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். டி.சி. வாங்கப் போகும் நாளிலேயே பயிற்றுமொழிச் சான்றுக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த பட்டியல்) விண்ணப்பித்துவிடுங்கள். மேற்படிப்புக்கு டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரியே உறையில் முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உண்டு. துபாயில் உட்கார்ந்துகொண்டு தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பினால், அதிகாரக் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் இல்லாமல் அலுவலகத்தில் எதையும் கையில் கொடுக்கமாட்டார்கள்.