என்.எஸ்.எஸ். முகாம் உங்கள் ஊருக்கு வருகிறதா? முதலில் சிம் கார்டைப் பாருங்கள்

மாணவர்கள் ஊரில் தங்கிச் சேவை செய்யும் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் என்றால் சீமைக்கருவேலம் வெட்டுவதும் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதும்தான் ஊருக்கு நினைவுக்கு வரும். சில வருடங்களாக நிகழ்ச்சி நிரலில் 'டிஜிட்டல் விழிப்புணர்வு' என்றும் ஒரு வரி இருக்கிறது. நான்காம் நாள் சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டர் போட்டு ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார். பொன்னாடை, குரூப் போட்டோ, அத்தோடு சரி. மறுநாள் காலையில் பேங்கிலிருந்து வந்த மெசேஜைத் தூக்கிக்கொண்டு பாட்டி மறுபடியும் பேரனிடம்தான் போய் நிற்பார்.

முகாமுக்கு வரும் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வரவழைக்கும் ஊர் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஏற்பாடு செய்கிறதே தவிர, இந்த டிஜிட்டல் வேலைக்கு எதையும் செய்து வைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 100 மாணவர்கள். அதில் பாதிப் பேர், சுமார் 50 பேர், 7 நாள் சிறப்பு முகாமுக்கு வருவார்கள். இதுபோக, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் வழக்கமான பணி செய்ய வேண்டும். ஊர்கள் அந்த 7 நாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. உண்மையில் கேட்க வேண்டியது அந்த 120 மணி நேரத்தில் ஒரு பங்கை. முகாமுக்கு அனுமதி பேச திட்ட அலுவலர் (என்.எஸ்.எஸ்.ஸைக் கவனிக்கும் ஆசிரியர்) ஊராட்சிக்கு வரும் அன்றைக்கே, "முகாம் முடிந்த பிறகு மாதம் இரண்டு சனிக்கிழமை ஆறு பேரை அனுப்புவீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும். முகாம் முடிந்தபின் கேட்டால் பரீட்சை வந்துவிடும்.

இரண்டு வாரம் முன்பே ஊர்ப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு நோட்டைப் போட்டு வீட்டுக்கு நாலு கேள்வி எழுதி வாங்குங்கள். இருப்பது பட்டன் போனா, டச் போனா? சிம் யார் பேரில்? பேங்கிலும் ஆதாரிலும் கொடுத்த நம்பர் இப்போது யார் கையில்? போனில் என்ன செய்யத் தெரிந்தால் உங்களுக்கு உபயோகம்? இதை மாணவர்களிடம் விட்டால் முதல் இரண்டு நாள் இதிலேயே போய்விடும். நாலாவது கேள்விக்கு வரும் பதில்கள் எதுவும் புரொஜெக்டர் பேச்சில் இருக்காது: முதியோர் பென்ஷன் ஏறியதா என்று பார்க்க, கரண்ட் பில் கட்ட, பட்டா சிட்டா எடுக்க, துபாயில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேச.

ஆனால் முடிச்சு விழுவது மூன்றாவது கேள்வியில். எப்போதோ கணக்கு திறந்தபோது கொடுத்த நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். அல்லது மருமகனுடையதாக இருக்கும். இப்படிப்பட்டவரை மாணவர் சொல்லித்தரும் மேசைக்கு அழைத்து உட்காரவைத்து ஓ.டி.பி. வரும் வரும் என்று காத்திருப்பது இருவர் நேரத்துக்கும் கேடு. அவரை முகாமுக்கு முன்பே பேங்குக்கும், ஆதார் மையத்துக்கோ அஞ்சலகத்துக்கோ அனுப்பி நம்பரை மாற்ற வைத்துவிட வேண்டும்.

நம்பர் சரியாக இருந்தும் யு.பி.ஐ. பதிவாகாமல் நிற்பதுண்டு. பதிவின்போது போன் தானாகவே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறது. அது பேங்கில் உள்ள நம்பரின் சிம்மிலிருந்து போக வேண்டும். இரண்டு சிம் போட்ட போனில் தவறான சிம் தேர்வாகியிருக்கும், அல்லது ரீசார்ஜ் தீர்ந்து வெளியே மெசேஜ் போகாது. திரையோ சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுவதற்கு முன், அந்த சிம்மிலிருந்து யாருக்காவது ஒரு சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள்.

நேரம். காலை பத்து மணிக்குப் பயிற்சி வைத்தால் வருபவர்கள் ஊராட்சித் தலைவரும் அவருடன் நாலு பேரும்தான். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பி, சாப்பிட்டு, மாடு கறக்கப் போகும் முன் கிடைக்கும் இடைவெளி மதியம் இரண்டரையிலிருந்து நாலரை. ஆண்களுக்கு ராத்திரி ஏழுக்கு மேல்.

ஒரு வேளைக்குப் பன்னிரண்டு மாணவர்கள் போதும்; ஒருவருக்கு ஒருவர். மற்றவர்கள் வழக்கம்போல மரம் நடட்டும். நாற்காலிகளை எதிரெதிரே போடாதீர்கள். எதிரே இருந்தால் போன் தலைகீழாகத் தெரியும். மாணவர் கை தானாக நீண்டு போனை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார வேண்டும். நாலு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சி டைப் வயர், பழைய மைக்ரோ யு.எஸ்.பி. வயர் இரண்டிலும் ஆறு ஆறு. வருகிற போன்களில் பாதி சார்ஜ் இல்லாமல்தான் வரும். ஒரே ஹாட்ஸ்பாட்டை நம்பாதீர்கள். பல போன்களில் எட்டு பத்துப் பேருக்கு மேல் இணைக்க விடாது. வெவ்வேறு கம்பெனி சிம் உள்ள இரண்டு மூன்று போன்கள் வேண்டும். எந்த சிம்முக்கு அந்தக் கூடத்துக்குள் டவர் கிடைக்கிறது என்பதை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

முதல் உட்காரலில் எந்த ஆப்பும் வேண்டாம். போனைச் சரிசெய்வதே பாடம். வாட்ஸ்அப் படங்களாலும் காலை வணக்கங்களாலும் இடம் நிரம்பியிருக்கும். தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்திவிட்டு, கேட்டுக் கேட்டு அழிக்க வேண்டும். மொத்தமாக அழித்தால் பேத்தியின் காதுகுத்துப் படமும் போய்விடும், பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். களை எடுத்துக் காய்த்துப்போன விரல் திரையை அழுத்தி அழுத்தித் தொடும். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு ஐகானை இடம் மாற்றிவிடும். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்று இருப்பதை நீளமாக வைத்தால் பாதிச் சண்டை தீரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைக் காட்டிக்கொடுங்கள், வாயால் சொல்லித் தேடுவார்கள்.

மாணவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய விதி: கை மடியில் இருக்கட்டும், வாயால் சொல், அவர் விரல்தான் தொட வேண்டும். பின் நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள். ஆதாரைப் படம் எடுக்காதே. இன்னொன்றும் உண்டு, நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள். வருமானச் சான்றுக்கு கேன் நம்பர் (இ-சேவையில் ஆளுக்கொன்றாகத் தரும் பதிவு எண்) பதியும்போது பாட்டியிடம் போன் இல்லை என்று மாணவர் தன் நம்பரைக் கொடுத்துவிடுவார். அடுத்த வருடம் சாதிச் சான்றுக்குப் போனால் ஓ.டி.பி. எங்கோ ஹாஸ்டலில் இருக்கும் பையனுக்குப் போகும். வீட்டார் நம்பர் கிடைக்கும்வரை பதியவே வேண்டாம்.

மோசடி பற்றி ஒரு மணி நேரப் பேச்சு வீண். பிள்ளைகள் வீதி நாடகம் நன்றாகவே போடுவார்கள், அதற்கு விடுங்கள். 'பில் கட்டவில்லை, இன்றிரவு கரண்ட் கட்' என்று வரும் மெசேஜ், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏ.பி.கே. ஃபைல் (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்), இரண்டு காட்சி போதும். பணம் போய்விட்டால் உடனே 1930. 'பணம் அனுப்ப மட்டும்தான் பின் நம்பர்' என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். இருப்பைப் பார்க்கவும் பின் கேட்கும், ஜனங்கள் குழம்புவார்கள். 'பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை' என்பதே சரியான வாசகம்.

வயதானவர்களை முன்வரிசையில் வையுங்கள். 20 மணி நேரப் பயிற்சி தந்த மத்திய அரசின் பி.எம்.ஜி. திஷா திட்டம்கூட 14 முதல் 60 வயது வரைதான் என்று கோடு போட்டது. அறுபதைத் தாண்டியவர்தானே பென்ஷன் ஏறியதா என்று போனைப் பார்க்கிறார்!

ஊர்க்காரர் இருவர், மகளிர் குழுக் கணக்கெழுதும் பெண் ஒருவரும் நூலகத்துக்குத் தினம் வரும் ஒரு பிள்ளையும், ஏழு நாளும் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நோட்டில் பெயர், வந்த பிரச்சினை, தீர்ந்ததா இல்லையா என்று மூன்றே பத்தி. ஆதார் எண்ணோ கணக்கு எண்ணோ அதில் ஏறவே கூடாது. ஏழாம் நாள் நிறைவு விழாவில் அந்த நோட்டைத் திட்ட அலுவலர் முன்னிலையில் இவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமைத் தேதியை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவிடுங்கள். 'தீரவில்லை' என்று எழுதிய பெயர்களுக்குத்தான் அன்று முதல் மேசை.