ஷ்ரூஸ்பரி நிலையத்தைப் படம்பிடித்த ஓராண்டு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்துத் தலைநகரான ஷ்ரூஸ்பரியின் பழைய கட்டடங்களையும் ரயில் பாதைகளையும் முறையாகப் படம்பிடிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. செவர்ன் ஆறு ஊரைச் சுற்றி வளைந்தோடுவதால் இடம் குறுகி, கோட்டை, பழைய பள்ளி, ரயில் நிலையம் மூன்றும் சில நூறு அடிகளுக்குள் நெருங்கி நிற்கின்றன. நான் முதலில் எடுத்த படங்களில் அந்த நெருக்கம் மட்டுமே தெரிந்தது; எந்தக் கட்டடமும் தன் உருவத்தோடு தெரியவில்லை.

நிலையத்தின் முகப்பில்தான் முதல் பாடம் கிடைத்தது. 1848இல் தாமஸ் பென்சன் வடிவமைத்த இக்கட்டடம், எதிரே இருந்த ஷ்ரூஸ்பரி பள்ளியின் தோற்றத்துக்கு இணங்கும்படி டியூடர் (பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேய) பாணியில் எழுப்பப்பட்டது. சார்லஸ் டார்வின் படித்த அந்தப் பள்ளி 1882இல் ஆற்றின் மறுகரைக்கு இடம்பெயர, பழைய கட்டடத்தில் இன்று நூலகம் இயங்குகிறது. அக்டோபரில் ஒரு காலை, முற்றத்தில் மிக அருகில் நின்று அகலக்கோண லென்ஸை மேல்நோக்கிப் பிடித்தேன். சுவர்கள் பின்னால் சாய்ந்தன, நடுக்கோபுரம் கூம்பிப் போயிற்று, முகப்பு முழுவதும் நிழலில் கிடந்தது. முகப்பு ஏறத்தாழ மேற்குப் பக்கம் பார்ப்பதால் பிற்பகல் வெயிலில்தான் அதன் செதுக்கல்கள் எழுந்து தெரியும் என்பது மூன்றாம் முறை போனபோதுதான் உறைத்தது. பிறகு எதிர்ப்புற மேட்டுக்குப் பின்வாங்கி, 70 மி.மீ. குவியத்தொலைவில், கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தவுடன் செங்குத்துக் கோடுகள் நேராக நின்றன.

அந்தத் தூரத்திலிருந்து பார்த்த பிறகே கட்டடத்தின் வரலாறும் கண்ணுக்குப் பிடிபட்டது. 1899 முதல் 1903 வரை நிலையத்தை விரிவாக்கியபோது, இருந்த கட்டடத்தின் மேல் மாடி எழுப்பாமல், முன்னிருந்த நிலத்தைத் தோண்டித் தாழ்த்தி, அடியில் ஒரு தளத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஆகவே இன்று நாம் நுழையும் கீழ்த்தளமே வயதில் இளையது. அதன் மேலிருப்பது 1848இன் தரைத்தளம். இரண்டையும் ஒரே பாணியில் இணைத்த அந்தக் கைத்திறனை வியந்து, கீழ்த்தளச் சன்னல்களையும் மேல்தளச் சன்னல்களையும் தனித்தனியே எடுத்து அருகருகே வைத்து இன்றும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

குளிர்காலத்தில் வேலை குறைவு. டிசம்பரில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுவதால் ஊரின் வடக்கே டிதரிங்டன் ஆளிநார் (லினன் நூலுக்கான நார்) ஆலைக்குச் சென்றேன். 1797இல் சார்லஸ் பேஜ் கட்டிய இந்த ஆலைதான் உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடம். மரத்தளங்கள் கொண்ட ஆலைகள் தீயில் எரிந்தழிந்த காலத்தில், வார்ப்பிரும்புத் தூண்கள், விட்டங்கள், செங்கல் வளைவுகள் ஆகியவற்றால் தீக்கு ஈடுகொடுக்க முயன்ற கட்டடம் அது. இன்றைய வானளாவிகளின் முன்னோடி அது என்பதை அறிந்து பார்க்கையில், ஓங்கிய கோபுரம் எதுவும் தராத மரியாதை அந்தத் தூண்கள்மேல் எழுகிறது. நடுவில் பருத்து இரு முனைகளிலும் மெலியும் அவற்றின் உருவம், பக்கவாட்டிலிருந்து வரும் சன்னல் ஒளியில்தான் விளங்குகிறது.

வசந்தத்திலிருந்து முழுக் கவனமும், கைகாட்டிகளை இயக்கும் செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் சிக்னல் கேபின்மீது சென்றது. 1903இல் கட்டப்பட்டு, 180 நெம்புகோல்களுக்கான சட்டத்துடன் நிற்கும் இது, இன்று எஞ்சியுள்ள இயந்திரவகைச் சிக்னல் கேபின்களில் உலகிலேயே பெரியது. நெம்புகோல்களில் பல இப்போது பயனில் இல்லையென்றாலும், மற்றவை இன்னும் கம்பிகளை இழுத்துக் கைகாட்டிகளை அசைக்கின்றன. நம் ஊர் நிலையங்களில் கைகாட்டி மரம் இறங்கினால் வண்டி வருகிறது என்று ஓடிய தலைமுறைக்கு, கிடையாக நிற்கும் கை கீழே சாய்ந்து வழிவிடும் இந்தக் காட்சி புதிதன்று.

நான் விரும்பியது கேபின், இறங்கிய கை, வண்டி மூன்றும் ஒரே சட்டத்தில் அமையும் படம். நடைமேடையின் தென்முனையிலிருந்து பார்த்தால், பாதைகள் இரண்டாகப் பிரியும் கவட்டில் கேபின் நிற்கிறது. தெற்கே நோக்குவதால் நண்பகலில் சூரியன் கேபினுக்குப் பின்னால் நின்று அதைக் கரிய நிழலாக்கிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. புறப்படும் வண்டிக்கான கைகாட்டியின் சிவப்பு முகமே என் பக்கம் திரும்பியிருக்கும். நிலையத்துக்குள் வரும் வண்டிக்குரியதன் வெள்ளை முதுகுதான் எனக்குத் தெரியும். முகத்தோடு வரும் வண்டியையும் சிவப்புக் கையையும் சேர்க்க முயன்று ஏப்ரல் முழுவதும் வீணாயிற்று.

தீர்வு, வண்டிகளின் நடைமுறையிலேயே இருந்தது. பர்மிங்ஹாமிலிருந்து ஆபரிஸ்ட்வித் செல்லும் வண்டி, தென்கிழக்கிலிருந்து கேபினின் ஒரு பக்கமாக நிலையத்துக்குள் வந்து, திசை மாறி, கேபினின் மறுபக்கமாக வேல்ஸை நோக்கிப் புறப்படுகிறது. ஒரே வண்டி கேபினை இருமுறை கடக்கிறது. டீசல் வண்டியின் இரு முனைகளும் ஒரே வடிவம் கொண்டவை என்பதால், புறப்பாட்டில் பின்புறச் சிவப்பு விளக்குகளைத் தவிரக் குறையேதும் இல்லை. வருகையில் ஒளியளவைச் சரிபார்த்துக்கொண்டு, புறப்பாட்டுக்குக் கை இறங்கியதும் தயாராகலாம்; வண்டி தாண்டியபின் கை மீண்டும் உயர்ந்துவிடுவதால் காலம் மிகக் குறைவு.

நடைமேடைகளில் ஃபிளாஷுக்கு அனுமதியில்லை, முக்காலிக்கும் கட்டுப்பாடு உண்டு, மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். அதனால் கையால் பிடித்து, 1/250 நொடியில் எடுத்தேன். அதைவிட வேகமாக எடுத்தபோது வண்டியின் மின்னெழுத்துப் பலகையில் ஊர்ப்பெயர் துண்டு துண்டாகப் பதிந்தது.

ஜூன் மாதத்து மாலை ஒன்றில், ஏழு மணிக்கு மேல் மேற்கிலிருந்து தாழ்ந்து வந்த வெயில் கேபினின் கண்ணாடிகளில் பட்டபோது மூன்றும் கூடின. பதினோரு படங்களில் ஒன்றே தேறியது. அதில் கை முழுதாகச் சாய்ந்திருக்கிறது, வண்டியின் கடைசிப் பெட்டி கேபினின் சுவரைத் தொட்டாற்போல் நிற்கிறது. அடுத்து, ஆற்றங்கரைப் பாதையில் இறங்கி, நடைமேடைகளைத் தாங்கும் பாலத்தை அடியிலிருந்து எடுக்கவிருக்கிறேன். தண்ணீர் வற்றும் ஆகஸ்டுக்காகக் காத்திருக்கிறேன்.