அப்பாவின் ஆபரேஷனும் அந்த சலைன் பாட்டிலும்

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்தாகிவிட்டது. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. டயாலிசிஸில் இருப்பவரை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தேதியிலேயே கோட்டை விட்டோம். அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஆபரேஷனுக்குக் கிடைத்ததோ திங்கட்கிழமை. "சனிக்கிழமைக்கு அப்புறம் இடைவெளி ஜாஸ்தியாகுதுங்களே" என்றேன். தேதி குறிப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "திங்கள்தான்மா" என்றுவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து விடியற்காலையில் கார் வைத்துக்கொண்டு கோவை போய் ரத்தம் கொடுத்தால், பொட்டாசியம் 6.1. ரொம்ப அதிகம் என்று மயக்க மருத்துவர் முடியாது என்றுவிட்டார். பட்டினியோடு இருந்த மனிதரை அப்படியே டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். அடுத்த தேதியை சர்ஜனையே நேரில் பார்த்து, டயாலிசிஸுக்கு மறுநாளாக, புதன்கிழமைக்கு வாங்கினேன். நீங்களும் மேஜையில் மல்லுக்கட்டாமல் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

புதன் காலை டீ குடித்துவிட்டு வார்டுக்குத் திரும்பினால், அப்பாவுக்கு அரை லிட்டர் சலைன் (உப்பு நீர்) வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. பாதி காலி. "வெறும் வயிறா இருக்காருல்ல" என்றார் நர்ஸ். நாளுக்கு ஒரு டம்ளர்கூடச் சிறுநீர் போகாதவர் அவர். உள்ளே போகும் நீர் நுரையீரலில்தான் போய்த் தேங்கும். டியூப் சக்கரத்தை உருட்டி நிறுத்திவிட்டு, டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். நர்ஸுக்குக் கோபம்தான். ஆனால் ஊசியை ஃபிஸ்டுலா கையில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையில், போடவில்லை. முந்தின ராத்திரியே அந்தக் கையில் பிளாஸ்திரி ஒட்டி, 'ஊசி, பிபி கூடாது' என்று பெரிதாக எழுதியிருந்தேன்.

அப்புறம் வந்த மயக்க மருத்துவர் சலைனைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு டிரிப்) எழுதினார். எனக்குப் பகீரென்றது. தென்னந்தோப்பே வைத்திருந்தும், பொட்டாசியத்துக்குப் பயந்து மூன்று வருடமாக அப்பா இளநீரைத் தொடவில்லை. "ஏனுங்க டாக்டர், அதுல பொட்டாசியம் இருக்குதுங்களே?"

"இருக்குது அம்மணி. லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலன்ட், நம்ம ரத்தத்துல இருக்கற அளவுதான். ஒரு இளநீர்ல அதைவிட எத்தனையோ மடங்கு இருக்கும்" என்றார். சலைனில் பொட்டாசியமே கிடையாதுதான். ஆனால் அதில் குளோரைடு லிட்டருக்கு 154. ரத்தத்தில் சுமார் 100தான். நிறைய ஏற்றினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடுமாம். சிறுநீரக மாற்று ஆபரேஷன்களில் இரண்டையும் ஒப்பிட்டு 2005-இல் வந்த ஆய்வில், பொட்டாசியம் 6-க்கு மேல் போனது சலைன் ஏற்றியவர்களுக்குத்தான், ஆர்.எல். ஏற்றிய ஒருவருக்கும் போகவில்லை என்றும் சொன்னார். அவசரத்திலும் நின்று இவ்வளவு சொன்னாரே, அந்த மனிதருக்குக் கோடி நன்றி.

எதை ஏற்றுகிறோம் என்பதோடு எவ்வளவு என்பதும் முக்கியம் என்று, கடைசி டயாலிசிஸ் சீட்டைக் கேட்டார். முடிந்தபோது எடை என்ன, எவ்வளவு நீர் எடுத்தார்கள், உலர் எடை (உடம்பில் அதிகப்படி நீர் இல்லாதபோது இருக்கும் எடை) என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். காகிதம் வீட்டிலேயே கிடந்தது. நல்லவேளை, போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் ஒவ்வொரு முறையும் எடுத்து வையுங்கள்.

உள்ளே மொத்தம் 400 மில்லிதான் ஏற்றினார்கள். சாயங்காலம் பொட்டாசியம் 4.9. மறுநாள் ரத்தம் கசியக்கூடாதென்று ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இல்லாமல் டயாலிசிஸ் செய்தார்கள். உலர் எடைக்கு மேல் 900 கிராம்தான் கூடியிருந்தது. காலையில் ஏறிய கால் லிட்டர் சலைனும் அதில் சேர்த்தி.