நூற்பாவைப் படம் பிடித்த பிள்ளைகள்

நம் பாரம்பரியம் பற்றி ஐந்து நிமிடக் குறும்படம் எடுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னால் என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் மலைக்கு மேல் சூரியன் எழும். பின்னால் புல்லாங்குழல். அப்புறம் பாடப்புத்தகத்தை ஒப்பிக்கும் குரல்: "தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான்." பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. கேமரா முன் நின்றதும் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். பிளஸ் ஒன் மாணவர்கள் சிலர், செத்த வீரனின் நினைவாக நடும் நடுகல்லைப் படமெடுக்கக் கிளம்பினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று வயல் வரப்பில்கூட நிற்கிறார்கள். சில கற்களில் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். பல கற்கள் வேடியப்பன் என்ற சாமியாக இன்றும் பொங்கல் வாங்கிக்கொள்கின்றன.

அட்டைக் கத்தியோடு சண்டைக்காட்சி எடுக்கத்தான் முதலில் திட்டம். நடுகல் நடும் முறையைச் சொல்லும் தொல்காப்பிய நூற்பாவை நான் எடுத்துக் கொடுத்தேன். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டு, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும் வஞ்சிக் காண்டத்தில் இளங்கோவடிகளே இவற்றில் ஐந்தைக் காதைகளின் பெயராக வைத்திருக்கிறார். இதைவிடக் கச்சிதமான திரைக்கதை எவன் எழுதித் தருவான்?

"ஐயா, எங்கப்பா கல்லு வேலைதான் பாக்கறாரு. அவர எடுக்கட்டுமா?" என்றான் ஒருவன். கிரானைட் தொழில் நடக்கும் ஊரில் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அந்த இரண்டு நிமிடக் காட்சிதான் படத்தின் உயிர். அவர் சுத்தியலால் கல்லைத் தட்டுகிறார். ஒரு கல் கணீரென்கிறது. அடுத்தது பொத்தென்று அடங்குகிறது. "உள்ள விரிசல் உட்டிருக்கு" என்று ஒதுக்குகிறார். பிறகு தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார். மேலெல்லாம் காய்ந்த பிறகும் மயிரிழை விரிசலில் மட்டும் ஈரம் கோடாக நிற்கிறது. மகன் அதை நெருக்கத்தில் எடுத்திருந்தான். நீர்ப்படை என்றால் சடங்கு என்று மட்டுமே நான் நடத்தி வந்திருக்கிறேன். அதில் கல்லைச் சோதிக்கும் வேலையும் இருந்திருக்குமோ என்று அன்றைக்கு ஓர் எண்ணம் ஓடியது. ஆதாரம் எதுவும் கிடையாது, வாத்தியார் ஊகம்தான்.

ஊர் வேடியப்பன் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மங்கியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவலாமா என்று ஒருத்தி கேட்டாள். அங்கே விளக்கேற்றும் ஆயா அவளைப் பார்த்த பார்வையே பதிலாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். நிழல் விழுந்து வில்லும் கையும் எழுந்து வந்தன, அதற்கு மேல் எழுத்துகளும். வெளிச்சத்தை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

வாழ்த்துக் காட்சியில்தான் தகராறு. ஆயாவை வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் மழையைக் கேட்டார், போர்வெல்லில் தண்ணீர் கேட்டார், ஓசூர்க் கம்பெனியில் பேரனுக்கு வேலை கேட்டார். போர்வெல்லும் கம்பெனியும் பாரம்பரியத்தில் வராது, வெட்டிவிடலாம் என்றது ஒரு கட்சி. வெட்டினால் அந்தக் கல் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும் என்பது என் கட்சி. வெட்டவில்லை. ஒரு போட்டிக்கு அனுப்பினோம். 'பின்னணி விளக்கம் போதவில்லை' என்று குறிப்பு வந்தது.

படத்தைச் செல்போனில் ஆயாவுக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசிவரை பார்த்தார்.

"எம் பேரன் பேரு காத்துல சரியா கேக்கல கண்ணு. இன்னொரு வாட்டி எடு."

மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி போனார்கள்.