‘டு’ ஒன்றல்ல, இரண்டு

போன வாரம் அக்கா மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதி, அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, கடைசி வரி மட்டும் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று இருந்தது. ‘மீட்டிங்’ என்று மாற்று என்றேன். “ஏன் சித்தி, ‘டு’ வந்தா அடுத்து வெறும் வினைதானே வரணும்? டு கோ, டு ஈட்னுதானே படிச்சோம்?” என்றாள்.

நியாயமான கேள்வி. அவள் படித்தது பாதி விதி.

ஆங்கிலத்தில் ‘டு’ என்று ஒரே மாதிரி எழுதினாலும் அது செய்வது இரண்டு வேலை. ‘ஐ வான்ட் டு கோ’வில் வருவது இன்ஃபினிட்டிவ், நம்முடைய ‘போக’, ‘சாப்பிட’ மாதிரி. ‘ஐ வென்ட் டு ஸ்கூல்’ என்பதில் வருவது பிரிபொசிஷன், அதாவது பள்ளிக்கு, ஊருக்கு என்பதில் இருக்கும் நம் ‘கு’. இந்த ‘கு’ பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டும். ‘சந்திக்கு’ என்று யாராவது சொல்வோமா? வினையைப் பெயராக்கி ‘சந்திப்பது’ என்று வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ‘சந்திப்பதற்கு’ என்கிறோம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது, ‘மீட்’டை ‘மீட்டிங்’ ஆக்குகிறது.

எது எந்த ‘டு’ என்று சந்தேகம் வந்தால் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு தி இன்டர்வியூ’ சரியாக உட்காருகிறது, ‘வான்ட் டு தி இன்டர்வியூ’ உட்காரவில்லை. ‘யூஸ்ட் டு’ குழப்பமும் இதில் தீர்ந்துவிடும்: ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்’ என்றால் முன்பெல்லாம் 5 மணிக்கு எழுந்திருப்பேன், ‘ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்’ என்றால் 5 மணிக்கு எழுந்திருப்பது எனக்குப் பழகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஸ்டாப்’. ‘ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ’ என்றால் டீ குடிக்க நின்றான். ‘ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’ என்றால் டீ குடிப்பதை நிறுத்திவிட்டான். குடிக்க, குடிப்பதை என்று தமிழே வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறது பாருங்கள். ‘ரிமெம்பர்’ கூட அப்படித்தான், ‘டு லாக்’ என்றால் கதவைப் பூட்ட மறக்காதே, ‘லாக்கிங்’ என்றால் பூட்டியது நினைவிருக்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழை நம்பக் கூடாது. அதைப் பற்றி விவாதித்தோம் என்பதை அப்படியே ‘டிஸ்கஸ்ட் அபவுட் இட்’ என்று எழுதுகிறோம், அங்கே ‘அபவுட்’ தேவையே இல்லை. பெயர்ச்சொல் சோதனையும் ‘அக்ரீ’ மாதிரிச் சொற்களில் கைவிட்டுவிடும், ஏனென்றால் ‘அக்ரீட் டு தி பிளான்’ சரி, ‘அக்ரீட் டு கோ’வும் சரி. அதைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

மறுநாள் அவளிடமிருந்து வாட்ஸப்பில் “சித்தி, கமிட்டெட் டு லேர்ன்னு எழுதலாமா?” என்று வந்தது. நான் பதில் தட்டுவதற்குள் அடுத்த செய்தி: “கமிட்டெட் டு தி ஜாப்னு வச்சுப் பார்த்தேன், உட்காருது. அப்ப லேர்னிங்தான்.”